லேசருக்குப் பிறகு ஒரு படம்

எங்கள் ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே, பாலுசெட்டிச்சத்திரத்தை ஒட்டி இருக்கும் சின்ன ஊர். புள் என்றால் பறவை. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பதால் இந்தப் பெயர் என்று தலபுராணம் சொல்கிறது. விஜயராகவப் பெருமாள் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளை வரம் கேட்டுத்தான் வருவார்கள். ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. ராமானுஜர் இளம் வயதில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டது இங்கேதான் என்பார்கள். சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவனின் கண்களை வர்ணிக்கும் ஒரு சொல்லுக்குக் குரு குரங்கின் பின்புறத்தை உவமையாகச் சொல்ல, சீடர் கண்ணீர் விட்டு, சூரிய ஒளியில் மலர்ந்த தாமரை என்று பொருள் சொன்னாராம். ஆக, கண்ணைப் பற்றிய ஒரு சண்டை எங்கள் ஊரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நடந்திருக்கிறது!

நான் எழுத வந்ததும் கண்ணைப் பற்றித்தான். நான் மருத்துவ மாணவன் இல்லை, இயற்பியல் படிக்கிறேன். அதனால் இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் ஆயாவுக்கு நடந்ததைப் பார்த்து, அதன்பின் தேடிப் படித்து, எனக்குள் உருவான ஒரு கருத்து, அவ்வளவுதான்.

ஆயா பட்டுத்தறிக் குடும்பத்தில் பிறந்து பட்டுத்தறிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். தறியில் உட்கார்ந்தது தாத்தா. ராட்டையில் தார் சுற்றுவதும், புதுப்பாவு வந்தால் இழை இழையாகப் பிணைப்பதும் ஆயா. பட்டு இழையைக் கண்ணால் பார்ப்பதைவிட விரல் நுனியால் பார்ப்பவர் என்றுதான் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதம் சாயங்காலம் விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரிகிறது என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரவு பத்து மணிக்கு வலது பக்கத் தலை பிளக்கிற மாதிரி வலி, வாந்தி. பக்கத்தில் ஒரு டாக்டர் பித்தம், ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பினார். கண் சிவந்திருந்தது. தலைவலியால் சிவந்திருக்கிறது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். மூன்றாம் நாள் கண் மருத்துவமனைக்குப் போனபோது வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை என்ற நிலை. அது அப்படியே நின்றுவிட்டது.

அவருக்கு வந்தது கோணம் திடீரென்று மூடிக்கொள்ளும் வகைக் கண் அழுத்த நோய். கிளாக்கோமா என்று சொன்னால் நம்மில் பலருக்குச் சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் பார்வையைத் தின்னும் நோய்தான் நினைவுக்கு வரும். அது ஒரு வகை. இது வேறு வகை. இதிலும் பெரும்பாலோருக்கு மெதுவாகத்தான் வருகிறது. சிலருக்கு ஆயாவுக்கு வந்த மாதிரி ஒரே இரவில் வந்துவிடுகிறது.

என்ன கோணம் என்று கேட்பீர்கள். கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கிறது. நிமிஷத்துக்கு இரண்டு மூன்று மைக்ரோலிட்டர்தான். அது ஐரிஸ் என்கிற நிறத்திரைக்குப் பின்னால், லென்ஸின் பக்கவாட்டில் சுரந்து, லென்ஸுக்கும் ஐரிஸுக்கும் நடுவே நுழைந்து, பாப்பா வழியாக முன்பக்கம் வந்து, ஐரிஸும் கார்னியாவும் சேருகிற ஓரத்தில் உள்ள சல்லடை வழியாக வடிந்து போகிறது. அந்த ஓரம்தான் கோணம். வீட்டு முற்றத்தின் மூலையில் உள்ள ஜலதாரை மாதிரி. சிலருக்குப் பிறவியிலேயே கண் கொஞ்சம் சிறியது, முன்னறை ஆழம் குறைவு. வயதாக ஆக லென்ஸ் தடிக்கிறது. லென்ஸும் ஐரிஸும் ஒட்டினாற்போல் நெருங்கும்போது நீருக்குப் பாப்பா வழியாக வர வழி குறுகுகிறது. பின்னால் தேங்கிய நீர் ஐரிஸைப் பாய்மரம் மாதிரி முன்னே உப்பச் செய்கிறது. உப்பிய ஐரிஸ் ஜலதாரையை அடைத்துவிடுகிறது. இருட்டில் பாப்பா விரியும்போது ஐரிஸ் ஓரத்தில் திரண்டு கோணம் இன்னும் குறுகும். ஆயாவுக்கு மார்கழிச் சாயங்காலத்தில் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இது அபூர்வ நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வின் கிராமப் பகுதி காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில்தான் நடந்தது. 40 வயதுக்கு மேற்பட்ட 3,924 பேரைப் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். நோய் வந்துவிட்டவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் கொஞ்சம் குறைவு. ஆனால் கோணம் குறுகி, இன்னும் நோய் வராமல், ஆபத்தில் இருப்பவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல். எங்கள் தெருவில் 40 வயது தாண்டியவர்கள் ஐம்பது பேர் இருந்தால் அதில் மூன்று பேர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

இவர்களுக்கு என்ன செய்வது? அதற்குத்தான் லேசர். ஐரிஸின் ஓரத்தில் யாக் லேசரால் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு ஓட்டை போடுகிறார்கள். பின்னால் தேங்கிய நீர் பாப்பாவை நம்பாமல் இந்தக் குறுக்குவழியில் முன்னே வந்துவிடும். இரண்டு பக்கமும் அழுத்தம் சமமானதும் உப்பிய ஐரிஸ் தட்டையாகும், கோணம் திறக்கும். சொட்டு மருந்து போட்டு உட்கார வைத்தால் சில நிமிஷ வேலை. கத்தி இல்லை, கட்டு இல்லை. 1857இல் ஜெர்மனியின் ஃபான் கிரேஃபே கிளாக்கோமாவுக்கு ஐரிஸில் ஒரு துண்டையே வெட்டி எடுத்த காலத்தை நினைத்தால் இது எவ்வளவு பெரிய முன்னேற்றம்!

கண்ணில் ஓட்டையா என்று ஊரில் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். சிலருக்கு லேசருக்குப் பிறகு ஒரு வெளிச்சக் கோடு தெரிவதுண்டு. ஓட்டையை மேல் இமைக்கு அடியில் போட்டால் இது குறையுமா, பக்கவாட்டில் போட்டால் குறையுமா என்று அரவிந்த் கண் மருத்துவமனையில் 559 பேரிடம் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

ஆயாவின் இடது கண்ணுக்கு உடனே லேசர் செய்தார்கள். ஒரு கண்ணில் இப்படி வந்துவிட்டால் மறு கண்ணுக்கும் வரும் வாய்ப்பு அதிகம், அதனால் இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். ஆயா போகவில்லை. "ஓட்டை போட்டாச்சுடா கண்ணு, இன்னும் என்ன?" என்றார். போக வர ஒரு நாள், துணைக்கு ஒருவர், அந்த ஒருவருக்கும் கூலி போச்சு. அதைவிட முக்கியமான காரணம், லேசருக்கு முன்னும் பின்னும் அவருடைய இடது கண் பார்வை ஒரே மாதிரிதான் இருந்தது. கண்புரை ஆபரேஷன் செய்தால் மறுநாளே உலகம் பளிச்சென்று தெரியும். இதில் எதுவும் தெரியாது. கூடியதும் தெரியாது, கூடாததும் தெரியாது.

இங்கேதான் படம் வருகிறது.

கண்ணின் முன்பகுதியைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி படம் எடுக்கும் கருவிகள் இரண்டு. ஒன்று 1990களின் தொடக்கத்தில் டொராண்டோவில் பாவ்லின் குழு கொண்டுவந்த அல்ட்ராசவுண்ட் வகை. அதில் கண்ணோடு ஒட்டி நீர்க்கிண்ணம் வைக்க வேண்டும், கொஞ்சம் தொந்தரவு. ஆனால் ஐரிஸுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். இன்னொன்று ஒளியால் எடுப்பது, ஓ.சி.டி. என்பார்கள். 1991இல் முதலில் விழித்திரைக்காக வந்தது. 1994இல் முன்பகுதிக்கும் முயன்று பார்த்தார்கள். இதன் அடிப்படை எங்கள் பிராக்டிகல் வகுப்பில் செய்யும் மைக்கல்சன் இன்டர்ஃபெரோமீட்டர்தான்! ஒரு ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்கும் ஒன்றைக் கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பி வருவதை ஒப்பிட்டு ஆழத்தைக் கணக்கிடுவது. முன்பகுதிக்கு 1310 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். அது கண்ணின் வெள்ளைப் பகுதியையும் ஊடுருவும். ஐரிஸின் பின்புற நிறமியை மட்டும் தாண்டாது. கண்ணைத் தொடுவதில்லை, சில விநாடிகளில் முடிந்துவிடும். வகுப்பில் வளையங்களை எண்ணிக் கண் வலித்தபோது இது எதற்கு உதவும் என்று முணுமுணுத்த பாவத்துக்கு இப்போது பதில் கிடைத்தது.

லேசருக்கு முந்திய படத்தில் ஐரிஸ் வில் மாதிரி வளைந்து முன்னே உப்பியிருக்கும். பிந்திய படத்தில் அது கோடு போட்ட மாதிரி தட்டையாக இருக்க வேண்டும், ஓரத்தில் ஒரு ஆப்பு வடிவ இடைவெளி தெரிய வேண்டும். நடு ஆழம் மாறாது, ஓரம்தான் மாறும். இதைப் பார்க்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் எல்லோருக்கும் அப்படித் திறப்பதில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் லிவான் பகுதியில் செய்து 2007இல் வெளியான ஆய்வில், லேசருக்குப் பிறகும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கோணம் மூடியேதான் இருந்தது. காரணம், பாப்பாவில் வரும் அடைப்பு மட்டுமே காரணம் அல்ல என்பதுதான். லென்ஸே முன்னே தள்ளிக்கொண்டு நிற்கலாம். ஐரிஸின் வேர்ப்பகுதியே மேடாக இருக்கலாம். ஐரிஸ் தடிமனாக இருக்கலாம். இவற்றை ஓட்டை சரிசெய்யாது. திறந்தவர்களுக்கும் அது நிரந்தரம் இல்லை. லென்ஸ் தடித்துக்கொண்டே போவதால், 18 மாதங்களுக்குள்ளேயே கோணம் மெல்லக் குறுகத் தொடங்குவதை அதே நகரில் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆயாவை ஒன்றரை வருஷம் கழித்து நான் வற்புறுத்திச் சென்னைக்குக் கூட்டிப்போனேன். அங்கே படம் எடுத்தார்கள். ஐரிஸ் தட்டையாகியிருந்தது, ஓட்டையும் திறந்தே இருந்தது. ஆனால் ஓரத்தில் பாதிக்கு மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "பழைய படம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை. லேசர் ஒன்றுமே செய்யவில்லையா, செய்தபின் மறுபடி குறுகியதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. இருக்கிற ஒரே கண்ணைப் பற்றிய கேள்வி அது.

அதனால் என் கருத்து இதுதான்: லேசர் செய்த அன்று சிகிச்சை பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி, திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பது. முந்திய படம் ஒன்றும் பிந்திய படம் ஒன்றும் நோயாளியின் கையில் இருக்க வேண்டும், மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் மட்டும் அல்ல.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அது லேசான வாதம் இல்லை. ஆபத்து மட்டுமே இருக்கிறவர்களுக்கு லேசரே தேவையில்லையே என்று கேட்கலாம். குவாங்சோவில் 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் செய்து, மறு கண்ணை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். அதன் முடிவு 2019இல் லான்செட் இதழில் வந்தது. ஆறு வருஷத்தில் லேசர் செய்த கண்களில் 19, செய்யாதவற்றில் 36 மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போயின. அதிலும் பெரும்பாலானவை கோணத்தில் ஒட்டுதல் ஏற்பட்டவைதான், பார்வை போனவை அல்ல. ஆகவே கூட்டம் கூட்டமாக எல்லோருக்கும் முன்கூட்டியே லேசர் செய்ய வேண்டாம் என்றார்கள். சிங்கப்பூரில் 480 பேரிடம் இதே முறையில் செய்து 2022இல் வந்த ஆய்விலும் லேசர் ஆபத்தைப் பாதியளவு குறைத்தது, ஆனால் மொத்த ஆபத்தே சிறியது. குவாங்சோவில் 14 வருஷம் தொடர்ந்து பார்த்து 2023இல் எழுதியபோது வித்தியாசம் பெரிதாகியிருந்தது: 33க்கு 105.

இவற்றை நான் மறுக்கவில்லை. எனக்கு யார் மறுக்க உரிமை கொடுத்தது? ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த 889 பேரை இரண்டு வாரம், 6 மாதம், 18 மாதம், 36, 54, 72 மாதம் என்று வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். லேசர் செய்யாத கண்ணில் ஏதாவது ஆனால் உடனே தெரிந்துவிடும். "செய்ய வேண்டாம், கவனித்துக்கொண்டிருந்தால் போதும்" என்ற தீர்ப்பில் கவனிப்பது என்ற பாதி அங்கே இருந்தது. எங்கள் ஊரில் அந்தப் பாதி எங்கே? இன்னொன்று, எங்கள் நெடுஞ்சாலையிலேயே மேற்கே போனால் வரும் வேலூரில், ஆபத்தில் இருந்த 50 பேரை ஐந்து வருஷம் கழித்துப் பார்த்ததில் 11 பேர் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தார்கள். 2003இல் வெளியானது. ஐம்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்து ஓட்டுப் போட முடியாதுதான். இருந்தாலும் திருப்புட்குழி வேலூர்ப் பக்கமா, குவாங்சோ பக்கமா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. அமெரிக்க வழிகாட்டுதல்களிலேயே, மருத்துவ வசதி எளிதில் கிடைக்காதவர்களுக்கு லேசர் செய்வதை யோசிக்கலாம் என்று ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு விதிவிலக்கு, எங்களுக்கு அதுதான் அன்றாடம். அதனால் திரும்பி வர வழியில்லாதவர், அடிக்கடி பாப்பாவை விரித்துப் பார்க்க வேண்டிய சர்க்கரை நோயாளி, வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருப்பவர், இவர்களுக்குச் செய்துவிடலாம் என்பதே என் கட்சி.

"அப்படியானால் முகாம் போட்டு எல்லோருக்கும் சுட்டுவிடலாமே" என்று என் நண்பன் கேட்டான். அதற்குத்தான் நான் தலையாட்ட மாட்டேன். லேசர் செய்து அனுப்பிவிட்டு மறுபடி பார்க்காமல் விட்டால், ஆபத்தோடு அலட்சியத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறோம். ஆயா பயந்துகொண்டாவது இருந்திருந்தால் ஒன்றரை வருஷம் வீணாகியிருக்காது. எத்தனை பேருக்கு லேசர் செய்தோம் என்று பேனரில் போடுகிறார்கள். எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று ஒரு முகாமாவது போடட்டும், நான் போய் கைதட்டுகிறேன்.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். படம் எடுக்கும் கருவி விலை அதிகம், பெரிய ஊர்களில்தான் இருக்கிறது. அது இல்லை என்பதற்காக எதுவும் செய்ய முடியாது என்று கிடையாது. கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, சின்னக் கண்ணாடிகள் பதித்த லென்ஸை வைத்துக் கோணத்தை நேராகவே பார்க்கும் கோனியோஸ்கோப்பி என்ற சோதனைதான் இன்றும் அளவுகோல். படம் அதற்குத் துணை, மாற்று அல்ல. அந்த லென்ஸ் ஒரு பையில் அடங்கும். அதுவும் இல்லாவிட்டால் ஒரு டார்ச் லைட். காதுப் பக்கத்திலிருந்து கண்ணுக்குக் குறுக்கே வெளிச்சம் அடித்தால், முன்னறை ஆழமாக இருப்பவருக்கு மூக்குப் பக்கம் வரை ஐரிஸ் முழுதும் வெளிச்சமாகும். ஆழம் குறைந்தவருக்கு மூக்குப் பக்கம் நிழல் விழும். இதில் தவறவிடுவதும் உண்டு, வீணாகப் பயமுறுத்துவதும் உண்டு. ஆனாலும் கண்புரை முகாமில் டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு "புரை இல்லை, போகலாம்" என்று அனுப்புவதைவிட இதையும் பார்த்து அனுப்பலாம் அல்லவா?

படம் எடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. முந்திய படம் இருட்டறையில், பிந்திய படம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் என்றால், லேசர் எதுவும் செய்யாவிட்டாலும் கோணம் விரிந்த மாதிரி தெரியும். வெளிச்சத்தில் பாப்பா சுருங்கி, ஐரிஸ் ஓரத்திலிருந்து இழுபடும் அல்லவா, அதனால்தான். லேசருக்காகப் போடும் சொட்டு மருந்தும் பாப்பாவைச் சுருக்கும் என்பதால், அன்றைக்கே எடுக்கிற படமும் நம்மை ஏமாற்றும். ஒன்றிரண்டு வாரம் கழித்து, அதே இருட்டில், அதே இடத்தில் எடுக்க வேண்டும். ஒரு சோதனையில் ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்று என்று பிளஸ் டூவிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

ஆயாவுக்கு அடுத்து என்ன செய்தார்கள் என்று சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். இடது கண்ணில் புரையும் ஆரம்பித்திருந்தது. தடித்த லென்ஸை எடுத்துவிட்டு மெல்லிய செயற்கை லென்ஸ் வைத்தால் கோணத்துக்கு இடம் கிடைக்கும் என்றார்கள். அழுத்தம் மிக உயர்ந்தவர்களுக்கும் நோய் வந்துவிட்டவர்களுக்கும் முதலிலேயே லென்ஸை எடுப்பது லேசரைவிட நல்ல பலன் தருகிறது என்று 419 பேரிடம் செய்த ஈகிள் என்ற ஆய்வு 2016இல் வந்திருக்கிறது. ஆயாவுக்கு ஆபரேஷன் நடந்தது. அதற்கு முந்திய படம், பிந்திய படம் இரண்டையும் கேட்டு வாங்கினேன். கொடுப்பதற்குக் கொஞ்சம் யோசித்தார்கள், பிறகு கொடுத்துவிட்டார்கள்.

பேருந்தில் வரும்போது இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "இது மூடின கதவு, இது தொறந்த கதவு, அதானே?" என்றார். ஆமாம் ஆயா என்றேன். இப்போது அந்த இரண்டு படங்களும் ரேஷன் கார்டோடு ஒரு பிளாஸ்டிக் உறையில், தறிக்கு மேல் உள்ள பரணில் இருக்கின்றன. தெருவில் யாராவது தலைவலி, விளக்கைச் சுற்றி வட்டம் என்று சொன்னால் அதை இறக்கிக் காட்டுகிறார். அப்படிப் பார்த்துவிட்டு எதிர் வீட்டு அக்கா போன மாதம் போய்ச் சோதித்துக்கொண்டு வந்தார். அவருக்கும் கோணம் குறுகல்தானாம். லேசர் செய்துகொள்வதா, பொறுத்துப் பார்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. தை மாதம் மகள் கல்யாணம், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார். அவருடைய முந்திய படம் மட்டும் இப்போதைக்குக் கையில் இருக்கிறது.